செல்லாக்காசு செல்லரிக்காமல் இருக்க

கொடைக்கானல் மலையில் இருக்கும் வெள்ளகவிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஊருக்குச் சாலை கிடையாது. அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், என் சீர் டிரங்குப்பெட்டி எல்லாமே குதிரை முதுகில்தான் ஏறி வந்தன. அந்தப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில், மலேயாவிலிருந்து என் தாத்தா கொண்டுவந்த பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. டின்னுக்குள், போரில் ஜப்பான்காரர் மலேயாவில் புழங்கவிட்ட வாழைமர நோட்டு ஒரு கட்டு. ஐப்பசி அடைமழையில் மூடுபனி கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கார்த்திகையில் டின்னைத் திறந்தால் ஒரே பூஞ்சை வாடை. நாலு நோட்டு ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு பிரிய மறுத்தன. நான் கண்கலங்கி நிற்க, அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏத்தா, செல்லாத காசுக்கா இம்புட்டுச் செல்லம்?”

செல்லம் குறையவில்லை, கூடித்தான் போனது. இப்போது அந்த டின்னோடு இன்னும் மூன்று பெட்டிகள். அமெரிக்கா, ஸ்பெயின், நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற பயாஃப்ரா என்று உள்நாட்டுப் போர் நடந்த நாடுகளில் அவசரத்துக்கு அடித்த தாள்கள். ஈரமலையில் இவற்றைக் காப்பாற்றப் பட்ட பாட்டில் கற்றதைத்தான் எழுதுகிறேன். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, தாத்தாவின் கடிதம் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

1. அசிங்கமான சின்னத் தாளை முதலில் பாருங்கள். போர் மூண்டால் முதலில் காணாமல் போவது சில்லறை. வெள்ளியும் செம்பும் அடுப்படிப் பானைக்குள்ளும் இடுப்பு முடிச்சுக்குள்ளும் பதுங்கிவிடும். கீரைக்கட்டு வாங்கினால் மீதி கொடுக்க வழியிருக்காது. அப்போது கையில் கிடைத்த காகிதத்தில் அவசரமாக அடிப்பதுதான் இந்த நோட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-ல், தபால்தலையையே சில்லறையாக நீட்டினார்கள். பசை ஒட்டி, கசங்கி, கையில் பிசுபிசுத்தது. ஜான் கால்ட் என்பவர் வட்டமான பித்தளைச் சிமிழில் தபால்தலையை வைத்து, முகம் தெரிய மேலே காக்காப்பொன் தகடு பதித்து விற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அரசாங்கமே 5, 10, 25, 50 சென்ட் தாள்களை வெளியிட்டது. ஸ்பெயினில் 1936-ல் போர் தொடங்கியதும் நகராட்சி, கூட்டுறவுக் கடை, தொழிற்சங்கம் என்று ஆளுக்கொரு தாள் அடித்தார்கள். 1938-ல் வட்ட அட்டையில் தபால்தலை ஒட்டியதே காசாக ஓடியது. ஆகவே, டோக்கன் போலவும் ரேஷன் சீட்டு போலவும் இருக்கும் தாளைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான பெரிய நோட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. தொலைவதெல்லாம் இந்தச் சின்னதுகள்தான்.

2. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் கொடைக்கானல் மலையிலும் வந்து குடியேறினார்கள். அவர்கள் பெட்டிகளில் கடவுச்சீட்டு, தோட்டத்துத் துண்டுச்சீட்டு ஆகியவற்றோடு சிலோன் தாள்களும் இருக்கக்கூடும். 1942-ல் உலகப்போர்ச் சில்லறைத் தட்டுப்பாட்டில் சிலோன் அரசு அடித்த 5 சத நோட்டு தனி அழகு. நடுவில் தபால்தலைக்குப் போடுவது போலத் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மறு துண்டு 3 சதம். கிழிக்காத முழுத் தாளைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள், ஆனால் கையால் தொட்டு ஒன்றுக்கு இரண்டாக மடிக்காதீர்கள். அந்தத் துளை வரிசை மடிப்புக்காகவே காத்திருக்கும்.

3. வாழைமர நோட்டு உள்நாட்டுப் போர்த் தாள் அல்ல, ஜப்பான் படையெடுப்புத் தாள். இருந்தாலும் தமிழ்நாட்டு வீடுகளில் போர்க்காலத் தாள் என்றால் அதிகம் கிடைப்பது இதுதான், விட்டுவிட முடியாது. வாழைமரம் இருப்பது 10 டாலர் நோட்டில். மற்றதையும் சேர்த்து அந்தப் பெயரால் அழைக்கிறோம். தாளில் இருக்கும் ஆங்கில எழுத்துகளில் முதல் எழுத்தைப் பாருங்கள். ‘எம்’ என்றால் மலேயா, ‘பி’ என்றால் பர்மா. எழுத்து மட்டும் இருந்தால் சாதாரணம். எழுத்தோடு வரிசை எண்ணும் இருந்தால் அது தொடக்க கால அச்சு, அரிது. கேட்டவுடன் பணம் தருவோம் என்று ஜப்பான் அரசாங்கம் அதில் வாக்குக் கொடுத்திருக்கும். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் அந்த வாக்கு காற்றில் போனது. என் தாத்தா அதைக் கட்டோடு ஏன் கப்பலேற்றி வந்தார் என்பதற்கு ஆச்சியிடம் ஒரு பதில் இருந்தது: “மூணு வருசச் சம்பளத்த அங்கயேவா விட்டுட்டு வாறது?”

பர்மாவிலிருந்து வந்த வீடு என்றால் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ரூபாய் நோட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். பர்மாவில் மட்டுமே செல்லும் என்று 1945-ல் இராணுவ நிர்வாகம் மேலச்சு போட்டவை உண்டு. சாதா நோட்டு என்று நினைத்து மாற்றிவிடப் போகிறீர்கள்.

4. கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ரப்பர் வைத்து அழிக்காதீர்கள். போரில் தப்பிய நோட்டு நல்ல மனசுக்காரர் கையில்தான் சாகிறது. சோப்புத் தண்ணீரில் அலசினால் மை கலங்கும், தாளின் மொறுமொறுப்பு போகும். இஸ்திரிச் சூட்டில் மடிப்பு மறையும், கூடவே அச்சு மேடும் மறையும். அனுபவப்பட்டவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், விலையும் பாதியாகும். கசங்கிய நோட்டை வெள்ளைத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அதற்குமேல் நிமிராத சுருக்கம் அதன் வயது. இருந்துவிட்டுப் போகட்டும்.

5. செல்லோடேப்பும் லேமினேஷனும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தாளுக்குள் ஊறிவிடும். பிரித்தால் அச்சும் சேர்ந்து வரும். லேமினேஷன் என்பது உயிரோடு கண்ணாடிப் பெட்டியில் அடைப்பது, திரும்ப வெளியே எடுக்க முடியாது. கிழிந்த தாளை ஒட்டவே வேண்டாம். இரண்டு துண்டையும் ஒரே உறைக்குள் பொருத்தி வையுங்கள்.

6. கையுறை தேவையில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும். காப்பிப்பழம் பறித்த கை, எலுமிச்சை அறுத்த கை, விபூதி பூசிய கை மூன்றும் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் தொடுங்கள். ஓரத்தைப் பிடியுங்கள். எச்சில் தொட்டு எண்ணும் பழக்கத்தைக் கடை நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. ஆல்பம் வாங்கும்போது மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு, மலிவான பொம்மை போல பிளாஸ்டிக் வாடை தூக்கலாக அடித்தால் அது பிவிசி. நாள்பட்டால் எண்ணெய் கசிந்து நோட்டில் பிசுக்காகப் படியும். பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். வாடை இருக்காது, கண்ணாடி போல இருக்கும், மடித்தால் சடசடக்கும். ஓர் உறையில் ஒரு தாள்தான். செய்தித்தாளில் சுற்றுவது, பழைய நோட்டுப்புத்தகத்துக்கு நடுவில் செருகுவது இரண்டும் வேண்டாம். அந்தக் காகிதத்தின் அமிலம் நல்ல தாளையும் பழுப்பாக்கும்.

8. இடம். அடுப்படிக்கு மேலே பரண் சூடாக இருக்கும், ஈரம் வராது என்று நினைத்து முதலில் அங்கேதான் வைத்தேன். புகை ஏறியது. சாமி அலமாரிக்கு மாற்றினேன், கற்பூரக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தன. மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தபோது சுவரே வியர்த்தது. கடைசியில் சரியாக வந்த இடம் வீட்டின் நடு அறையில், உள்சுவரை ஒட்டி, ஆனால் சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குமேல் ஒரு மரப்பலகை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் ஆசை இருந்தால், அசலை உள்ளே வைத்து, கலர் ஜெராக்ஸை மாட்டுங்கள். வெயில் தின்றால் ஜெராக்ஸோடு போகட்டும்.

9. சிலிக்கா ஜெல். மலை வீட்டுக்கு இதைவிடப் பெரிய குறிப்பு என்னிடம் இல்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். தாளுக்கு ஈரப்பதம் நூற்றுக்கு 45-லிருந்து 55 வரை இருந்தால் சுகம், 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குச் சுகம். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் பேப்பர் அப்பளம் போல நமத்துப் போகும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள், விலை அதிகமில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் உறைகளை நிற்கவைத்து, ஓரமாகத் துணிப்பையில் சிலிக்கா ஜெல் வையுங்கள். மணி நேரடியாகத் தாளில் படக்கூடாது. நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். ஆரஞ்சு நிறம் பச்சையாகும். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையும் உண்டு, அதில் கோபால்ட் உப்பு இருப்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். ஈரம் குடித்த மணியைச் சமையலுக்கு உதவாத பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மணி கருகி உபயோகமற்றுப் போகும். ஆறவிட்டு உள்ளே வையுங்கள். அந்தச் சட்டிக்கு ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கடலை வறுத்துவிடுவார்கள்.

இதற்குப் பதில் அரிசி முடிச்சு வைக்கச் சொல்வார்கள். அரிசி குடிக்கும் ஈரம் கொஞ்சம், கூட்டிவரும் அந்துப்பூச்சி நிறைய.

வெயில் அடிக்கும் மாசி, பங்குனியில் டப்பாவை ஒருநாள் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். மூடுபனி இறங்கும் மாலைக்கு முன் மூடிவிட வேண்டும்.

10. இராமபாணப் பூச்சிக்குத் தாளைவிடப் பசைமேல் ஆசை. தபால்தலை ஒட்டிய ஸ்பெயின் அட்டைகளைத்தான் முதலில் தேடிப் போகும். ஓலைச்சுவடிக்குப் பெரியவர்கள் வசம்பு வைத்தது போல நானும் டப்பாவுக்கு வெளியே பலகையில் வசம்புத் துண்டும் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் துணியில் கட்டி வைக்கிறேன். டப்பாவுக்குள் இலை வைத்தால் அதுவே ஈரம். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி மனிதருக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உறைக்கும் ஆகாது. கறையானுக்கு ஒரே மருந்து, பலகையின் கால்களை மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது.

11. பூஞ்சை வந்தேவிட்டால் பதறித் துடைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்த்து அனுப்பியது போலாகும். நிழலில், காற்றோட்டத்தில், தனித்தனியாகப் பரப்பி முழுக்க உலரவிடுங்கள். நேர் வெயில் கூடாது. உலர்ந்து தூளானதும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் நின்று மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். கறை மிஞ்சும், அதோடு சமாதானமாகுங்கள். ஒட்டிக்கொண்ட தாத்தா நோட்டு நாலையும் நான் கத்தி விட்டுப் பிரிக்கப் பார்த்து இரண்டைக் கிழித்தேன். மிச்சம் இரண்டும் இன்றும் தம்பதியாகவே இருக்கின்றன.

12. கதை சொல்லி விற்கும் நோட்டை வாங்காதீர்கள். மலையில் ஒரு கடையில் அமெரிக்கத் தென்மாநிலக் கூட்டமைப்பின் நோட்டு ஒன்று வாங்கினேன். பழுப்பு நிறம், ஓரமெல்லாம் மொறுமொறு. “பாதிரி பங்களா அலமாரியில கெடச்சது அக்கா” என்றார் கடைக்காரர். எனக்கும் நம்பத் தோன்றியது. மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-லேயே மேலே முதல் பங்களாக்களைக் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை போர். கணக்கு அழகாக இடித்துக்கொள்ளாமல் பொருந்தியது. வீட்டுக்கு வந்து ஆற அமர யோசித்த பிறகுதான் உறைத்தது. அந்த மிஷனை அனுப்பிய சபைக்குத் தலைமையிடம் பாஸ்டன், அது வடக்கு. வடக்கத்திப் பாதிரி தெற்கத்தி எதிராளியின் நோட்டை அலமாரியில் எதற்கு வைக்கப் போகிறார்?

பூதக்கண்ணாடி மீதியைச் சொன்னது. அந்தக் கூட்டமைப்பின் டாலர் நோட்டுகளில் கையெழுத்தும் எண்ணும் பேனாவால் எழுதியவை. குமாஸ்தாக்கள், அவர்களில் பெண்கள் பலர், நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டார்கள். அந்த மை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கியிருக்கும், சில இடத்தில் தாளையே அரித்திருக்கும். என் நோட்டில் கையெழுத்து, எண், படம் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அச்சு. சுற்றுலாக்காரருக்கென்று அடித்து, பழசாகத் தெரிய வாட்டியெடுத்த நகல். ஒரு விலக்கு உண்டு. 50 சென்ட் தாளில் மட்டும் அசலிலேயே அச்சிட்ட கையெழுத்துத்தான். அதைப் போலி என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். போலிகளிலும் பழம்போலி உண்டு. 1862-ல் பிலடெல்பியாவில் சாமுவேல் அப்ஹம் என்ற கடைக்காரர் நினைவுப் பொருள் என்று சொல்லி இந்த நோட்டுகளின் நகலை அடித்து விற்றார். அது தெற்கே போய் நிஜப் பணமாகவே புழங்கியது. இன்று அந்த நகலையே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

13. பழசு என்றால் லட்சம் என்று எண்ண வேண்டாம். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் விலை. கூட்டமைப்பின் 1864 பிப்ரவரி 17 தேதியிட்ட 10, 20 டாலர் தாள்கள் மலைமலையாக அச்சிடப்பட்டவை, சேகரிப்பாளர்களிடம் எளிதாகக் கிடைக்கும். சமாதான உடன்படிக்கை முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பணம் தருவோம் என்று அவற்றில் எழுதியிருக்கும். உடன்படிக்கை வரவேயில்லை. பயாஃப்ராவின் ஒரு பவுண்டு நோட்டும் அப்படித்தான், மலிவு. 1968 ஜனவரியில் நைஜீரியா தன் நோட்டுகளை மாற்றிவிட, பிரிந்து நின்ற பயாஃப்ரா தனி நோட்டு அடித்தது. 1970-ல் போரில் தோற்றதும், வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, ஆளுக்கு 20 பவுண்டு என்று கணக்கை முடித்தார்கள். மலிவு விலைக்கு வரும் அந்தத் தாளை உறைக்குள் போடும்போதெல்லாம் எனக்கு மனசு ஒருமாதிரி ஆகும்.

14. “உங்கள் பழைய நோட்டுக்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும், விற்கிறவர் அல்ல.

15. அஞ்சறைப்பெட்டியில் 2016-ல் செல்லாததாகிப்போன பழைய 500, 1000 ரூபாய் நோட்டு மறந்து கிடக்கிறதா? எண்ணிப் பாருங்கள். 2017-ல் வந்த சட்டப்படி மொத்தம் பத்து நோட்டுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் ₹10,000 அல்லது அந்த நோட்டுகளின் மதிப்பைப்போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம்.

16. நோட்டின்மேல் எதுவும் எழுதாதீர்கள். தனிச் சீட்டில், பென்சிலால், யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, யார் சொன்ன தகவல், எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதி அதே உறையின் பின்னால் வையுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். பெரியவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஆச்சி சொன்னது மூன்று வருடச் சம்பளம், சித்தப்பா சொல்வது கடை விற்ற பணம். எதையும் நான் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

17. கீழே பெரியகுளத்துக்கு எடுத்துப்போக நேர்ந்தால் குதிரைச் சுமையில் கட்டாதீர்கள். ஓடையில் இறங்கும்போது மூட்டை நனையும். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, தோள்பையில் உங்கள் முதுகோடு வையுங்கள். வியர்வைக்கு ஒரு துண்டு சேர்த்து மடித்துவிடுங்கள். பஸ்ஸில் மேலே போடவே கூடாது.

18. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பட்டியலை அட்டையில் எழுதி, பசை போடாமல் நூலால் மூடியில் கட்டியிருக்கிறேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால் பட்டியலுக்கு மேலே கொட்டை எழுத்தில் இரண்டே வார்த்தை: ‘அடுப்புக்கு அல்ல’.